யாராவது ஒருத்தர் அமுக்குங்க

சமாதானம் என்பது அவளுடைய பெயரே அல்ல. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பட்டறையில் சமாதானம், தெருவில் சமாதானம் அக்கா. கட்டிய கணவரே கோபம் வந்தால் "வந்துட்டாங்கய்யா சமாதானம்!" என்பார். இப்படி ஒரு பட்டப்பெயர் சும்மா வந்துவிடுமா? நாற்பத்து மூன்று வயது வரைக்கும் உழைத்துச் சம்பாதித்தது.

அவள் வேலை செய்வது வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் பட்டறையில். முன்பக்கம் முதலாளி, பின்பக்கம் கட்டிங் மாஸ்டர், நடுவில் தையல் மெஷினோடு இவள். முதலாளிக்கும் மாஸ்டருக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. முதலாளி முன்னாலிருந்து கத்துவார்: "அந்த ஆளுக்குக் கண்ணு பின்னந்தலையிலயா இருக்கு? ரெக்சினைக் கோணலா வெட்டி வச்சிருக்கான்!" இவள் பின்னால் போய், "மாஸ்டர், இந்தத் தடவை ஒரு விரல் தள்ளி வெட்டச் சொன்னார். மத்தபடி உங்க கைவேலை மாதிரி வராதுன்னார்" என்பாள். மாஸ்டர் முறைப்பார்: "இந்தக் கஞ்சப்பயலுக்கு நல்ல துணி வாங்க வக்கில்ல, பேச மட்டும் தெரியுது." இவள் முன்னால் வந்து, "சரிங்கய்யான்னு சொல்லிட்டார். துணி கொஞ்சம் வழுக்குதாம்" என்பாள். வேலை நடக்கும். வண்டிகளும் கோணாத சீட்டோடு கிளம்பிப் போகும்.

பொய்யா என்று கேட்டால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். "முள்ளை எடுத்துட்டுக் குடுக்கறேன், அவ்வளவுதான். முள்ளோடயா விழுங்கச் சொல்றே?" என்பாள். எடுத்த முள்ளுக்குப் பதிலாகக் கொஞ்சம் சர்க்கரையும் வைத்துக் கொடுப்பதை மட்டும் சொல்ல மாட்டாள். இது சின்ன வயதிலேயே வந்த பழக்கம். அப்பா கூடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அம்மா அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உடைப்பாள், நடுவில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவள் ஓடுவாள். அப்போதே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். சண்டைக்காரர்கள் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் வைத்து எதையும் பேசக் கூடாது. தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். "அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதே" என்று முடிக்க வேண்டும். இது இதுவரை ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. பிசகினால்தானே ஜாக்கிரதையாக இருக்கத் தோன்றும்!

அவளுக்கு இந்த உலகத்தில் இரண்டே ஆண்கள். ஒருவர் கணவர். கண்ணாடிக் கடையில் லென்சை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துகிற வேலை, அதனால் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். வேலை முடிந்து வந்தால் கிட்டாரும் கையுமாக இருப்பார். பாட்டும் அவரே, கிட்டாரும் அவரே. இன்னொருவன் தம்பி. கூட்டங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடும் கடையில் இருக்கிறான். ஆளுயர ஸ்பீக்கரை ஒற்றைத் தோளில் தூக்குவான், ஒரு சொல் தாங்க மாட்டான். பிள்ளை இல்லாத வீட்டில் அவன்தான் பிள்ளை மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தான். மாமனும் மச்சினனும் எலியும் பூனையும்தான். இருந்தாலும் ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் "எங்க அந்த ஆள்?" என்று வாசலைப் பார்ப்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் குழப்பம் கிட்டாரின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது.

ஊரில் ஒரு பெரிய சாப்பாட்டு ஹாலில் சனிக்கிழமை சாயங்காலங்களில் பாட ஆள் தேடினார்கள். கண்ணாடிக்காரர் போய்ப் பாடிக் காட்டினார். குரல் பிடித்துவிட்டது. "கிட்டார் சத்தம் கடைசி மேஜைக்குக் கேக்கணும். முதல் சனிக்கிழமை பார்ப்போம், நல்லா இருந்தா வாரா வாரம் வாங்க" என்றார் மேனேஜர். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஓடிப்போய்க் கிட்டாருக்கு ஒரு பிக்கப் வாங்கிப் பொருத்திக்கொண்டு வந்தார். கம்பிகள் அழுந்தி உட்காரும் எலும்புத் துண்டுக்கு அடியில் செருகுகிற மெல்லிய பட்டை அது. கம்பியின் அதிர்வை அப்படியே பிடித்து வயர் வழியாக அனுப்பிவிடும். இடுப்பில் மாட்டிக்கொள்ள அதற்கு ஒரு குட்டிப் பெட்டி.

தம்பி கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான். "என்ன மாமா, தகர டப்பாவைத் தட்டற மாதிரி இருக்கு? மரத்தோட சத்தம் எங்க போச்சு?"

"கணீர்னு இருக்குடா. உனக்குத்தான் காது சரியில்ல."

மறுநாள் தம்பி பட்டாணி அளவில் ஒரு மைக் கொண்டுவந்தான். வளைகிற குச்சி ஒன்றின் நுனியில் இருந்த அதைக் கிட்டாரின் வட்டத் துளை வழியாக உள்ளே விட்டுப் பொருத்தினான். அதற்கும் ஒரு குட்டிப் பெட்டி உண்டு, அது அவன் காலடியில் இருக்கும். சத்தம் என்னவோ நிஜமாகவே அழகாக வந்தது. அறைக்குள் உட்கார்ந்து கேட்பது போல, விரல் மரத்தில் உரசுவதுகூடக் கேட்டது. ஆனால் கொஞ்சம் கூட்டி வைத்தால் போதும், கூ...வென்று ஊளை. பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது.

"இதை வச்சுக்கிட்டு நான் பாடறதா, ஊளையிடறதா?" என்றார் கண்ணாடிக்காரர்.

இந்த இடத்தில் சமாதானம் மூக்கை நுழைத்தாள். "ரெண்டையும் சேர்த்துப் போடுங்களேன். அவர் பட்டையில பலம் இருக்கு, இவன் மைக்ல அழகு இருக்கு. ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்க வேண்டியதுதானே?" அவளுக்குக் கிட்டாரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. மனுஷர்களுக்குச் சொல்வதைத்தான் சொன்னாள். ஆனால் ஆண்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசனை சரிதான். பெரிய பெரிய கச்சேரிகளில் அப்படித்தான் செய்கிறார்கள் என்றான் தம்பி. அவள் மனசுக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

சேர்த்துப் போட்டார்கள். அடக் கண்றாவியே!

பட்டையை மட்டும் வைத்தால் நன்றாக இருந்தது. மைக்கை மட்டும் வைத்தாலும் நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்தால் கிட்டாருக்கு அடிவயிறே காணோம். தடித்த கம்பியைத் தட்டினால் சத்தம் எங்கோ பக்கத்துத் தெருவில் யாரோ தட்டுவது போல வந்தது. இரண்டு நல்லதைச் சேர்த்தால் இன்னும் நல்லதாகத்தானே ஆக வேண்டும், எப்படிக் குறையும்? கண்ணாடிக்காரர் கம்பி மாற்றினார். தம்பி வயர் மாற்றினான். ஸ்பீக்கரை மாற்றினார்கள், பிளக்கை மாற்றினார்கள், உட்காருகிற நாற்காலியைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். ஊகும். அவளும் தன் பங்குக்குக் கதவைச் சாத்திப் பார்த்தாள்.

இரண்டு பெட்டியிலும் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. வட்டத்துக்குள் குறுக்கே கோடு போட்ட படம், பக்கத்தில் அமுக்கினால் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கு. கண்ணாடிக்காரர் முதல் நாளே தன் பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு அதை அமுக்கிப் பார்த்திருந்தார். ஒரு மாற்றமும் இல்லை. தம்பியும் மைக்கை மட்டும் வைத்துப் பார்த்திருந்தான். அங்கேயும் ஒன்றுமில்லை. "சும்மா அழகுக்கு வச்சிருக்கான்" என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள். அவரவர் பொருளை அவரவர் தனியாகத்தான் சோதிப்பார்கள். எதிராளி முன்னால் சோதித்துத் தப்பு தெரிந்துவிட்டால் மானம் என்னாவது?

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் சண்டை. "என்னுது நல்லாத்தான் இருக்கு, கேளு!" என்று இவர் பட்டையைத் தனியாக வாசித்துக் காட்டுவார். "என்னுது மட்டும் என்ன?" என்று அவன் மைக்கைத் தனியாகக் கேட்கவைப்பான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை, அதுதான் கொடுமை. ஒருத்தர் பொய் சொன்னால் மற்றவர் பக்கம் சாயலாம். சமாதானத்துக்கு மண்டை காய்ந்தது.

புதன்கிழமை ஹாலிலேயே ஒத்திகை பார்த்தார்கள். அவளும் பட்டறையில் அரை நாள் கேட்டுக்கொண்டு போயிருந்தாள். மைக், கிட்டார் சத்தங்களைக் கூட்டிக் குறைத்துக் கலந்துவிட அந்த ஹாலுக்கென்று ஒரு மிக்சர்காரர் உண்டு. எப்போதும் தூங்கி எழுந்தவர் போல இருப்பார். இரண்டு பாட்டு கேட்டார், கொட்டாவி விட்டார், சொன்னார்: "ரெண்டும் எதிரெதிரா இருக்குங்க. ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது. ஒரு பீரோவை ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் நின்னு தள்ளற மாதிரி. பீரோ நகருமா? அந்தக் கோடு போட்ட பொத்தான் இருக்குல்ல, யாராவது ஒருத்தர் அமுக்குங்க. சரியாயிடும்."

"யாருது தப்பு?" என்றார் கண்ணாடிக்காரர்.

"யாருதும் தப்பில்ல."

"தப்பில்லேன்னா ஏன் மாத்தணும்?" என்றான் தம்பி.

"ஐயா, யாரு வேணா அமுக்கலாம். ஒருத்தர் அமுக்கினாப் போதும்." மிக்சர்காரரை யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

ஆளுக்கொரு பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் இரண்டு பேரும். விரலை நீட்டினால் முடிந்தது, ஒரு நொடி வேலை. நீட்டினால்தானே!

"தலைகீழா இருக்கறது உன் மைக்தான். அமுக்கு மாப்ள."

"கடையில வாங்கினதை எவனோ தலைகீழா மாட்டிக் குடுத்திருக்கான். நீங்க அமுக்குங்க மாமா."

"நான் ஏன் அமுக்கணும்? நான் அமுக்கினா என்னுது தப்புன்னு ஆயிடும்."

"அப்போ நான் அமுக்கினா மட்டும்?"

பேச்சு பொத்தானை விட்டு எங்கெங்கேயோ போயிற்று. போன வருஷம் திருப்பித் தராத ஸ்குரூ டிரைவர் வந்தது, "அக்கா வீட்டுச் சோறு" வந்தது. அந்தச் சொல் வந்திருக்கக் கூடாது. தம்பி வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். வேறு ஊரில் ஒரு பெரிய கம்பெனி அவனை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். இத்தனை நாள் "பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டவன் அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "சனிக்கிழமைக்கு வாக்கு குடுத்துட்டேன், வருவேன். சரியா வந்தா இங்கயே இருக்கேன். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை கிளம்பறேன். அப்புறம் என்னைத் தேடாதே."

கிட்டார் நாசமாய்ப் போகட்டும். தம்பி போய்விட்டால் அந்த வீட்டில் யார் சத்தம் போட்டுச் சிரிப்பார்கள்?

வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் கண்ணாடிக் கடைக்குப் போனாள். கணவர் பின்னறையில் லென்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தவைத்தாள்.

"என்னங்க, தம்பி வந்திருந்தான். ஒரே அழுகை."

"அவனா? அழுதானா?"

"கண்ணு கலங்கிடுச்சு. 'மாமாவோட பட்டை நல்ல பட்டைதான் அக்கா, என் மைக்தான் கோளாறுன்னு எனக்கே தெரியுது. ஆனா அவர்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்'னான். சின்னப் பையன்தானேங்க. நீங்கதான் பெரியவர், நீங்களே அந்தப் பொத்தானை அமுக்கிடுங்க. அவனுக்குத் தெரிய வேண்டாம். நான் சொன்னேன்னும் சொல்லிடாதீங்க."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. "அவன் அப்படிச் சொன்னான்னா சரி. போவட்டும், சின்னப் பய."

கடையை விட்டு வெளியே வந்தவள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதானே? ஒருத்தர் அமுக்கினால் போதும் என்றுதானே அந்தத் தூங்குமூஞ்சி சொன்னது? ஆனால் இவளுக்கு ஒரு பக்கம் மட்டும் சமாதானம் செய்து பழக்கமில்லை. ஒருவரிடம் பேசினால் மற்றவரிடமும் பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் உணவு செரிக்காது. அவர் சொன்னபடி அமுக்காமல் விட்டுவிட்டால்? எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு. நேராக மைக் செட் கடைக்கு நடந்தாள்.

கூரை வரை அடுக்கிய ஸ்பீக்கர்களுக்கு நடுவில் தம்பி வயர் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா நேத்து சாப்பிடவே இல்லடா. 'அவனோட மைக் இல்லேன்னா என் கிட்டாருக்கு உயிரே இல்ல. என் வாயாலயே சோத்தைப் பத்திப் பேசிட்டேனே'ன்னு புலம்பறார். உன்கிட்ட வந்து சொல்ல அவருக்குக் கூச்சம். நீயே அந்தப் பொத்தானை அமுக்கிடேன். நான் வந்து சொன்னதா மட்டும் காட்டிக்காதே."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "சாப்பிடலயா?" என்று மட்டும் கேட்டான். கண்ணாடிக்காரர் முந்தின நாள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார் என்பது நமக்கெதற்கு?

சனிக்கிழமை சாயங்காலம் அவள் தலையை வாரி, நல்ல உடுப்பு உடுத்தி, மேடைக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தாள். மாமனும் மச்சினனும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் ஒருவரையொருவர் பார்த்து முறைக்கவும் இல்லை. இரண்டு பேர் முகத்திலும் பெரிய மனசு பண்ணிவிட்ட ஒரு பெருமிதம். மேஜைகள் நிறைந்துகொண்டிருந்ததால் சோதித்துப் பார்க்க நேரம் கொஞ்சம்தான். பட்டையைத் தனியாகப் பார்த்தார்கள், அருமை. மைக்கைத் தனியாகப் பார்த்தார்கள், அருமை. மேனேஜர் கையைக் காட்டினார். ஆரம்பித்தாயிற்று.

முதல் கம்பி அதிர்ந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதே பக்கத்துத் தெருச் சத்தம். சோற்றுத் தட்டும் கரண்டியும் போட்ட சத்தத்தில் பாதிகூட இல்லை. கண்ணாடிக்காரர் பாடிக்கொண்டே திருதிருவென்று விழித்தார். தம்பி தன் காலடிப் பெட்டியைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், மறுபடி பெட்டியைப் பார்த்தான். மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். இவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அமுக்கச் சொன்னோமே, அமுக்கவில்லையா? இரண்டு பேருமா ஏமாற்றிவிட்டார்கள்? ஒருத்தர்கூடவா அமுக்கவில்லை?

பாட்டு ஒரு வழியாக முடிந்தது. நாலு பேர் பாவம் பார்த்துக் கை தட்டினார்கள். மிக்சர்காரர் தன் இடத்திலிருந்து எழுந்து வந்தார். தம்பி காலடியில் சிவப்பு விளக்கு. கண்ணாடிக்காரர் சட்டையைத் தூக்கிப் பார்த்தால் இடுப்பிலும் சிவப்பு விளக்கு.

"ரெண்டு பேரும் அமுக்கியிருக்கீங்க! பீரோவுக்கு இந்தப் பக்கம் இருந்தவன் அந்தப் பக்கம் போயிட்டான், அந்தப் பக்கம் இருந்தவன் இந்தப் பக்கம் வந்துட்டான். மறுபடியும் எதிரெதிராத்தானே நிக்கறீங்க? ஒருத்தரைத்தானே அமுக்கச் சொன்னேன்!"

"நீயா அமுக்கினே?" என்றார் கண்ணாடிக்காரர்.

"நீங்களா?" என்றான் தம்பி.

உடனே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து அவரவர் பொத்தானை எடுத்துவிடப் பாய்ந்தார்கள். "ஐயோ, ஒருத்தர்! ஒருத்தர்!" என்று மிக்சர்காரர் கத்தித் தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினார். கண்ணாடிக்காரரின் விளக்கு மட்டும் அணைந்தது. அடுத்த பாட்டு ஆரம்பித்தது. தடித்த கம்பியைத் தட்டியதும் மேஜை மேல் இருந்த தண்ணீர் லேசாக ஆடியது. மரமும் கம்பியும் விரலும் எல்லாம் சேர்ந்து கடைசி மேஜை வரை போய் உட்கார்ந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் அழுதேவிட்டாள்.

கச்சேரி முடிந்ததும் மேனேஜர் வந்து வாரா வாரம் என்றார். கண்ணாடிக்காரர் பதில் சொல்லுமுன் தம்பி முந்திக்கொண்டு, "வரோம் சார், ரெண்டு பேரும் வரோம்" என்றான். அவள் காதில் அது தேனாக விழுந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. தம்பி போகவில்லை.

மூவருமாக மேஜையில் உட்கார்ந்தார்கள். அங்கேதான் வினை.

"நீ அழுதியாமே?" என்று கண்ணாடிக்காரர் மச்சினன் தோளைத் தட்டினார்.

"நானா? நான் எப்போ அழுதேன்? நீங்கதான் சாப்பிடாம கிடந்தீங்களாம்."

"நான் சாப்பிடாமயா? என்னைப் பார்த்தா அப்படியா இருக்கு?"

இரண்டு பேரும் மெல்ல அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் தண்ணீர் தம்ளரை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தாள். எவ்வளவு நேரம்தான் குடிக்க முடியும்?

அடேங்கப்பா, அப்புறம் இரண்டு பேருக்கும் கொண்டாட்டம். "புது வீட்டுக்கு ஸ்பீக்கர் மாட்டினப்போ 'என் மச்சினன் கை தங்கம்'னு சொன்னீங்களாமே மாமா?" "நானா? வயரைத் தொங்க விட்டிருக்கான்னுதான் சொன்னேன். நீ என் பாட்டைக் கேட்டு மெய்ம்மறந்து நின்னியாமே?" "தூங்கிட்டேன் மாமா!" ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் போட்டுப் போட்டுச் சிரித்தார்கள். வருஷக்கணக்கில் அவள் கொண்டுபோய்க் கொடுத்த நல்ல வார்த்தைகளில் ஒன்றுகூட யாரும் சொன்னதில்லை. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார் கண்ணாடிக்காரர். அவளும் வெட்கத்தோடு சிரித்தாள். அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்க்க, திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்றிருந்தது.

தம்பியின் சிரிப்புதான் முதலில் நின்றது. முகம் மெதுவாக மாறிற்று.

"அக்கா, அப்பா சொன்னது?"

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு ஊரில் இருந்தான். அவன் வந்து சேருமுன் அவர் போய்விட்டார். வாசலிலேயே அவனைக் கட்டிக்கொண்டு அவள்தான் சொன்னாள், 'அப்பாவுக்கு உன் மேல கோபமே இல்லடா, கடைசியா உன்னைத்தான் கேட்டார்' என்று. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அவன் இத்தனை வருஷம் அப்பா படத்துக்கு எதிரில் நிமிர்ந்து நின்றான்.

"அது நிஜம்டா" என்றாள்.

"இதெல்லாம்கூட நிஜம்னுதானே சொன்னே?"

"இல்லடா, அது... கோபமே இல்லைன்னு அவர் வாயால சொல்லல. ஆனா உன்னைக் கேட்டார். 'அவன் வந்துட்டானா? அந்த ஃபேனை அவன் பக்கம் திருப்பி வை, வேர்த்துப் போய் வந்திருப்பான்'னார். நீ அங்க இல்ல, ஆனா பக்கத்து நாற்காலியைக் காட்டினார். நான் ஃபேனைத் திருப்பி வச்சேன். அதைத்தான் நான்... கொஞ்சம் நல்லா சொன்னேன்."

"ஃபேனா?" என்றான் தம்பி. "அன்னிக்கு ஃபேனைப் பத்திச் சொல்லவே இல்லையே."

ஏன் சொல்லவில்லை? கலங்கிய புத்தியில் அவர் சொன்ன வார்த்தை, அதை அப்படியே கொடுத்தால் அவனுக்குப் போதாது என்று நினைத்தாள். ஓரம் வெட்டி மடித்துத் தைத்துக் கொடுத்தாள். இப்போது பிரித்துக் காட்டினால் பிரித்ததுதான் போலியாகத் தெரிகிறது. அவள் எத்தனை அழுத்திச் சொன்னாலும் அது கட்டிங் மாஸ்டரிடம் பேசுகிற குரலாகவே அவள் காதிலும் விழுந்தது. நிஜத்தைச் சொல்ல வேறு குரல் எங்கே போய்த் தேடுவாள்? தம்பி அவளைத் திட்டவில்லை. "சரி விடு அக்கா" என்றான். ஸ்பீக்கரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "மாமா, அடுத்த வாரம் சீக்கிரமே வந்துடறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனான். அவளிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

இரவெல்லாம் அவள் அந்த ஆஸ்பத்திரி அறையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். ஃபேன் இருந்தது. நாற்காலி இருந்தது. அப்பாவின் கை உயர்ந்தது. கேட்டாரா, கேட்டதாக வைத்துக்கொண்டோமா? கேட்டார், கேட்டார். அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

காலையில் அவள் அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்காரர் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"உன் தம்பிகிட்ட பேசினேன்."

"என்ன சொன்னான்?"

"'ஃபேன் விஷயம் நிஜமாத்தான் இருக்கும் மாமா. அக்காவுக்கு இட்டுக்கட்டத் தெரிஞ்சா இதைவிட நல்லா கட்டியிருப்பா'ன்னான். 'ராத்திரி அதை நினைச்சுக்கிட்டே படுத்திருந்தேன், நல்லா தூக்கம் வந்துச்சு'ன்னான். உன் மேல கோபமெல்லாம் இல்லயாம்."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. மனசு நிறைந்து வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும் போனது.

"அவனா சொன்னான்?"

"அவன்தான்."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கண் சிமிட்டாமல், மிகவும் அன்பாக, "அவன்தாம்மா சொன்னான்" என்றார். "நான் சொன்னேன்னு மட்டும் அவன்கிட்ட காட்டிக்காதே, கூச்சப்படுவான்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் அதை இறக்கவில்லை.